பேஸ்ட்ரி வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

பெருநகரங்களில் பிரெஞ்சு பேஸ்ட்ரி வகுப்புகள் நிறைய நடக்கின்றன. சேரும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: மாவை நானே பிசைந்து, நானே தேய்ப்பேனா? ஒரு மேசைக்கு ஆறு பேர் என்றால் பாதி நேரம் வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும்.

குரோசான் (அடுக்கடுக்கான வெண்ணெய் பேஸ்ட்ரி) கற்க ஆசையா? வகுப்பு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். மாவுக்குள் வெண்ணெயைப் பொதிந்து மூன்று முறை மும்மடிப்பாக மடித்தால் 27 வெண்ணெய் அடுக்குகள் வரும். நடுநடுவே மாவு ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், அப்புறம் பொங்கவும் நேரம் வேண்டும். 3 மணி நேர வகுப்பில் இது முழுதாக நடக்காது. பாதி வேலையை அவர்களே முடித்து வைத்திருப்பார்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஷூ (choux) மாவுதான், அடுப்பில் கிளறி முட்டை சேர்த்துச் செய்யும் மாவு. எக்ளேர், கிரீம் பஃப் எல்லாம் அதில்தான் செய்கிறார்கள். அடுப்பில் கிளறுவது முதல் ஓவனில் வேகும் வரை எல்லாவற்றையும் ஒரே அமர்வில் நம் கையால் செய்துவிடலாம்.

கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். அளவுகள் அச்சிட்ட தாளில் இருக்கும், பதம் இருக்காது. முட்டை சேர்த்த மாவிலிருந்து கரண்டியைத் தூக்கினால் மாவு அறுந்து விழாமல் முக்கோணமாகத் தொங்கும் பாருங்கள், அதை உடனே எழுதிக்கொள்ளுங்கள்.