பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்வது எப்படி?

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் புது விர்ச்சுவல் மெஷின் உருவாக்கப் போனால் 32-பிட் வகைகள் மட்டுமே தெரிகின்றனவா? பெரும்பாலும் பிராசசரில் குறை இருக்காது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங் திரை) விர்ச்சுவலைசேஷன், அதாவது இதற்கான பிராசசர் வசதி, அணைந்து கிடக்கும்.

முதலில் விண்டோஸிலேயே பார்த்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், பிறகு சிபியு. வரைபடத்துக்குக் கீழே ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரியில் ‘எனேபிள்டு’ என்றிருந்தால் பயாஸில் உங்களுக்கு வேலையே இல்லை. நேரே கடைசிப் பத்திக்குப் போங்கள்.

‘டிஸேபிள்டு’ என்றால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பயாஸில் கை வைத்த பிறகு கம்ப்யூட்டர் அதைக் கேட்டு நின்றுவிடலாம். ‘நான் பிட்லாக்கர் போடவே இல்லையே’ என்பவர்களும் பாருங்கள்: ஹோம் பதிப்பில் அது டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கலாம்.

பவர் பட்டனை அழுத்தியதும் பயாஸ் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, டெஸ்க்டாப் போர்டுகள் பலவற்றில் டெலிட். விண்டோஸ் முந்திக்கொண்டால், செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி வழியாக அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப்பில் ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்.

பலர் தடுமாறுவது பெயரில்தான். இன்டெலில் ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ என்றோ ‘விடி-எக்ஸ்’ என்றோ இருக்கும். ஏஎம்டி போர்டுகள் பலவற்றில் அந்தச் சொல்லே இருக்காது. ‘எஸ்விஎம் மோடு’ என்று மட்டும் இருக்கும். ஏசுஸில் அட்வான்ஸ்டு, சிபியு கான்ஃபிகரேஷனுக்குள், திங்க்பேடில் செக்யூரிட்டிக்குள். பக்கத்திலேயே ‘விடி-டி’ இருந்தால் குழம்ப வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு போன்ற சாதனத்தை விர்ச்சுவல் மெஷினுக்கே நேரடியாகக் கொடுக்கத்தான் அது.

எனேபிள் செய்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகும் ‘டிஸேபிள்டு’ என்றே காட்டினால் முழுதாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கிச் சில நொடி விட்டு மறுபடி போடுங்கள். பின்னால் பயாஸ் அப்டேட் செய்தால் இந்த செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

எல்லாம் சரி, ஆனால் விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை உட்கார்ந்திருக்கிறதா? விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் வசதியான ஹைப்பர்-வி முந்திக்கொண்டு பிராசசரைப் பிடித்திருக்கிறது என்று பொருள். மெஷின் ஆமை வேகத்தில்தான் ஓடும். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டின் டிக்கையும் எடுங்கள். ஆமை அப்போதும் போகாவிட்டால் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி காரணமாக இருக்கலாம். அது பாதுகாப்புக்கானது, வேகம் கட்டாயம் தேவையென்றால் மட்டும் அணையுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-ஐப் பயன்படுத்துபவர்கள் பிளாட்ஃபார்ம் டிக்கைத் தொடவே கூடாது, எடுத்தால் டபிள்யூஎஸ்எல் 2 ஓடாது.