தண்டுவட நீர்ப் பரிசோதனை: மறதி நோயிலும் அசைவுக் கோளாறுகளிலும் அதைக் கேட்பதும் எடுப்பதும் படிப்பதும்

மறதியோ கை நடுக்கமோ நடையில் தடுமாற்றமோ உள்ள ஒருவருக்கு ‘முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கலாம்’ என்று நரம்பியல் மருத்துவர் சொல்லும்போது, உடன் வந்தவர்கள் முதலில் கேட்பது ‘ஊசி வலிக்குமா’ என்பதைத்தான். அது நியாயமான கேள்வியே. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, ‘எந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இந்தப் பரிசோதனை’ என்பது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் இந்தத் தண்டுவட நீரில் அளக்கப்படும் ஒவ்வொரு புரதமும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வி இல்லாமல் எடுத்த அறிக்கை கைக்கு வந்த பிறகு குழப்பத்தையே கூட்டும்.

தைராய்டு, வைட்டமின் பி12, மூளை ஸ்கேன், உட்கொள்ளும் மருந்துகள், மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகே இந்தப் பரிசோதனையின் முறை வருகிறது. 65 வயதுக்கு முன்பே மறதி தொடங்கியவர்கள், நினைவைவிடப் பேச்சோ பார்வையுணர்வோ நடத்தையோ முதலில் மாறியவர்கள், சில வாரங்களிலேயே வேகமாக நலிந்தவர்கள், அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் மருந்து தொடங்குவது பற்றி யோசிப்பவர்கள் ஆகியோருக்கு இது பெரிதும் பயன்படும். அறிகுறி எதுவுமில்லாமல் ‘எதற்கும் பார்த்துவிடலாமே’ என்று வருபவருக்கு இதைச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மறதியே இல்லாத முதியவர்களிலும் கணிசமானோரின் மூளையில் அமிலாய்டு படிந்திருக்கிறது. அவர்களில் யாருக்கு நோய் வரும் என்பதை இந்த எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது.

எடுப்பதற்கு முன்பும் எடுக்கும்போதும்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எதையேனும் உட்கொள்பவர் அதன் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவரும் ஊசி போடுபவரும் கலந்து முடிவு செய்வார்கள். மூளைக்குள் அழுத்தத்தை உயர்த்தும் கட்டி போன்றவை இருந்தாலோ, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தாலோ, ஊசி நுழையும் இடத்துத் தோலில் தொற்று இருந்தாலோ பரிசோதனையைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

நோயாளி பக்கவாட்டில் முழங்கால்களை மார்போடு சேர்த்துச் சுருண்டு படுக்கிறார், அல்லது உட்கார்ந்து முன்னோக்கிக் குனிகிறார். மருத்துவர் இடுப்பெலும்பின் மேல் விளிம்புகளைத் தொட்டுப் பார்த்து, கீழ்முதுகின் மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளுக்கு இடையிலோ நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலோ உள்ள இடைவெளியைத் தேர்ந்தெடுக்கிறார். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் முதல், இரண்டாம் கீழ்முதுகு முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது அதற்கும் கீழே என்பதால், தண்டுவடத்தில் குத்திவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை. மரத்துப்போகும் மருந்து போட்ட பிறகு அழுத்தம் மட்டுமே தெரியும். சில நேரம் காலில் மின்னல்போல ஒரு சுரீர் உணர்வு ஓடினால் உடனே சொல்லிவிட வேண்டும். பிறகு தண்ணீரைப் போலத் தெளிவான நீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் விழும். வழக்கமாக எடுக்கும் 10 முதல் 15 மில்லிலிட்டர், உடலிலுள்ள சுமார் 150 மில்லிலிட்டரில் ஒரு சிறு பகுதிதான். நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரப்பதால், எடுத்தது ஒரு மணி நேரத்துக்குள் ஈடாகிவிடும்.

பிறகு வரும் தலைவலிதான் பலரையும் அஞ்சவைக்கிறது. எழுந்தால் கூடி, படுத்தால் குறைவது அதன் அடையாளம். ஊசியின் நுனி தண்டுவட உறையின் இழைகளை வெட்டாமல் விலக்கி நுழையும் வகையாக இருந்தால் இந்தத் தலைவலி வெகுவாகக் குறைகிறது: பழைய கூர்நுனி ஊசியில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு வந்தது, இந்த வகையில் சுமார் 4 பேருக்குத்தான் வந்தது என்று 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. எந்த வகை ஊசி என்று முன்கூட்டியே கேட்பதில் தவறே இல்லை. எடுத்த பிறகு மணிக்கணக்கில் படுத்தே கிடப்பது தலைவலியைத் தடுக்கும் என்ற பழைய நம்பிக்கைக்குச் சான்று கிடைக்கவில்லை.

அறிக்கையின் தரம் இந்த அறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அமிலாய்டு ஒட்டும் இயல்புடைய புரதம். கண்ணாடியிலும் பாலிஸ்டைரீனிலும் ஒட்டிக்கொண்டு நீரில் குறைந்துவிடும். அதனால் ஆய்வகம் சொன்ன பாலிபுரொப்பிலீன் குழாயில்தான் நீரைப் பிடிக்க வேண்டும். குழாய் பாதிக்கும் குறையாமல் நிரம்பியிருப்பதும், ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றாமல் இருப்பதும் நல்லது. முதல் சில சொட்டுகளில் இரத்தம் கலந்திருந்தால் அவற்றை வேறு குழாயில் விட்டுவிட வேண்டும். சிவப்பணுக்களில், பார்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்பா சைனுக்ளின் என்ற புரதம் நிறைந்திருப்பதால் அந்தப் புரதத்தின் அளவு பொய்யாக உயர்ந்துவிடும்.

அல்சைமர் அறிக்கையைப் படித்தல்

அறிக்கையில் மூன்று வரிகள் முக்கியம்: அமிலாய்டு 42, மொத்த டௌ, பாஸ்பரஸ் ஏறிய டௌ. டௌ என்பது நரம்பணுக்களுக்குள் இருக்கும் ஒரு புரதம். அல்சைமரில் முதலாவது குறைகிறது, மற்ற இரண்டும் கூடுகின்றன. நோயில் பெருகும் புரதம் நீரில் ஏன் குறைய வேண்டும் என்ற குழப்பம் பலருக்கும் உண்டு. மூளைத் திசுவில் அது படிந்து சிக்கிக்கொள்வதால் நீருக்கு வந்து சேரும் பங்கு குறைகிறது என்பதே விளக்கம்.

அமிலாய்டு 42-ஐத் தனியாகப் பார்ப்பதைவிட, அதே புரதத்தின் சற்றுக் குட்டையான வடிவமான அமிலாய்டு 40 உடனான அதன் விகிதத்தைப் பார்ப்பது நம்பகமானது. ஓர் எடுத்துக்காட்டு: 70 வயதுள்ள ஒருவரின் அமிலாய்டு 42 குறைவு என்று அறிக்கை சொல்கிறது. அவருடைய அமிலாய்டு 40-ம் அதே அளவுக்குக் குறைந்திருந்தால், அவர் உடல் இயல்பிலேயே குறைவாகச் சுரக்கிறது, அல்லது குழாயில் இரண்டும் ஒட்டிக்கொண்டன என்று பொருள். விகிதம் இயல்பாகவே நிற்கும். 40 இயல்பாக இருக்க 42 மட்டும் சரிந்திருந்தால்தான் மூளையில் படிவு இருப்பதாகக் கொள்ள வேண்டும். 2022 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த லூமிபல்ஸ் பரிசோதனையில் இந்த விகிதம் 0.058 அல்லது அதற்குக் கீழே இருந்தால் படிவு உண்டு, 0.073 அல்லது அதற்கு மேல் இருந்தால் இல்லை; இடைப்பட்டது உறுதி சொல்ல முடியாத, ஆனால் படிவின் பக்கம் சாயும் பகுதி. இந்த எல்லை எண்கள் அந்தக் கருவிக்கு மட்டுமே உரியவை. வேறு ஆய்வக அறிக்கையை இவற்றோடு ஒப்பிடுவது அங்குலத்தைச் சென்டிமீட்டரோடு ஒப்பிடுவதைப் போன்றது.

டௌ இரண்டில் பாஸ்பரஸ் ஏறியதே அல்சைமரைக் கூடுதலாகச் சுட்டுவது. மொத்த டௌ, நரம்பணுக்கள் எதனால் சிதைந்தாலும் கூடும். பக்கவாதத்தில் கூடும், சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்–ஜேக்கப் நோயில் பன்மடங்கு கூடும், ஆனால் பாஸ்பரஸ் ஏறிய டௌ அந்த அளவுக்கு ஏறாது. அந்த நோயை உறுதிசெய்ய, அதை உண்டாக்கும் பிரியான் என்ற தவறாக மடிந்த புரதத்தைப் பெருக்கிக் காணும் ஆர்டி-குயிக் சோதனை இருக்கிறது. வேகமாக நலிபவர்களில் சிலருக்கு இருப்பது குணப்படுத்தக்கூடிய தன்னெதிர்ப்பு மூளையழற்சியாகவோ தொற்றாகவோ இருக்கலாம் என்பதால், அணுக்களின் எண்ணிக்கை, புரதம், சர்க்கரை ஆகிய எளிய வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடக் கூடாது.

அசைவுக் கோளாறுகளில்

நடுக்கமும் விறைப்பும் உள்ளவருக்கு இருப்பது பார்கின்சனா, அதைப் போலத் தோன்றும் வேறொன்றா என்பதே இங்கு கேள்வி. நரம்பிழைகள் சிதையும்போது வெளிப்படும் நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம் பார்கின்சனில் பெரும்பாலும் இயல்பாகவோ சற்றே கூடியோ இருக்கும். பார்கின்சனைப் போலத் தோன்றும் பல மண்டலச் சிதைவு (எம்எஸ்ஏ) என்ற நோயிலும், அடிக்கடி விழுவதும் விழிகளை மேலும் கீழும் நகர்த்த முடியாமையும் கொண்ட முன்னேறும் மேலணுக்கருச் செயலிழப்பிலும் (பிஎஸ்பி) தெளிவாகக் கூடியிருக்கும். எந்த நோய் என்று அது பெயர் சொல்லாது. வயதோடும் அது ஏறுவதால், வயதுக்கேற்ற எல்லை கொடுக்காத அறிக்கையை நான் பாதி அறிக்கையாகவே கருதுவேன்.

ஆல்பா சைனுக்ளின் விதைப் பெருக்கச் சோதனை இன்னும் நேரடியானது. தவறாக மடிந்த புரதத்தின் ஒரு துளி இருந்தாலும் அது நல்ல புரதத்தையும் தன்னைப் போல மடியவைக்கும் என்ற இயல்பையே ஆய்வகம் பயன்படுத்துகிறது. தயிர் உறைய ஒரு சொட்டு உறை போதுமானதாக இருப்பதை ஒத்தது இது. 2023-இல் வெளியான, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஓர் ஆய்வில் பார்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 விழுக்காட்டினருக்கு இது நேர்மறையாக வந்தது. ஆனால் எல்ஆர்ஆர்கே2 மரபணு மாற்றம் கொண்ட நோயாளிகளில் சுமார் 67 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. ஆகவே எதிர்மறை முடிவு வந்துவிட்டதால் பார்கின்சன் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. நேர்மறை முடிவு லூயி உடல் மறதி நோயிலும் வரும் என்பதால், நோயின் பெயரை அறிகுறிகளே தீர்மானிக்கின்றன.

கால்களை அகட்டித் தேய்த்து நடக்கும் நடை, அடக்க முடியாத சிறுநீர், மந்தமான சிந்தனை மூன்றும் சேர்ந்து வந்து, ஸ்கேனில் மூளையறைகள் விரிந்து காணப்பட்டால், இயல்பழுத்த நீர்த்தலை என்ற நிலையைச் சந்தேகிக்கிறோம். அப்போது தேவைப்படுவது புரத அளவைவிட நடையின் அளவு. 30 முதல் 50 மில்லிலிட்டர் நீரை வெளியேற்றி, அதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட தூரத்தை எத்தனை அடிகளில், எத்தனை விநாடிகளில் கடக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பார்கள். நடை தேறினால் நீரை வடிக்கும் குழாய் பொருத்தும் அறுவை பயன்தரும் வாய்ப்பு அதிகம். தேறாவிட்டாலும் அந்த வாய்ப்பு முற்றாக இல்லையென்று ஆகிவிடாது.

2025 மே மாதம் பாஸ்பரஸ் ஏறிய டௌவின் ஒரு வகையான டௌ 217-ஐயும் அமிலாய்டு 42-ஐயும் இரத்தத்தில் அளக்கும் ஒரு பரிசோதனைக்கு, அறிகுறியுள்ள 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக, அதே அமெரிக்க நிர்வாகம் அனுமதி அளித்தது. அல்சைமர் சந்தேகம் மட்டும் உள்ளவர் முதலில் இரத்தப் பரிசோதனை போதுமா என்று கேட்கலாம். அதன் முடிவு இடைநிலையில் நின்றாலோ, அறிகுறிகளோடு பொருந்தாவிட்டாலோ, முதுகில் நீர் எடுப்பதற்கோ அமிலாய்டு பெட் ஸ்கேனுக்கோ செல்ல வேண்டியிருக்கும்.