மலையிலிருந்து இறக்கிய ஹைட்ரேஞ்சியா தொட்டி மாற்றியதும் வாடுகிறதா?

பள்ளி விடுமுறை முடிந்தால் போதும், மலேசியாவில் கேமரன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தாப்பாவில், அந்த மலையிலிருந்து வாங்கி வந்த, பெரிய கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பல வாசல்களில் பார்க்கலாம். வந்த கையோடு பெரிய தொட்டிக்கு மாற்றுவோம். சில நாளில் இலை துவண்டு, பூ ஓரம் கருகி, 'இது நம்ம வெயிலுக்கு ஆகாதுப்பா' என்று குப்பைக்குப் போய்விடும். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். என் வீட்டில் இன்று செழிப்பாக நிற்கும் ஒரு செடி, பக்கத்து வீட்டு அக்கா வேண்டாமென்று வேலியோரம் வைத்ததுதான்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் செடி பிழைக்கும். பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். மேலே காய்ந்து அடியில் பச்சை இருக்கும் தண்டுகள் நிறைய.

இடத்தை மாற்றுங்கள்

கேமரன் மலை மேலிருக்கும் தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் வளர்ந்த செடி இது. இங்கே மதியம் 33 பாகை செல்சியஸ். காலை பத்து மணி வரை வெயில் பட்டால் போதும், அதற்குமேல் நிழல் வேண்டும். மாமர நிழல் நல்லது. மரம் இல்லாதவர்கள் பாதி வெயிலை மறைக்கும் கறுப்பு வலையைக் கட்டுங்கள். ஜிங்கு (துத்தநாகத் தகடு) வேலி, சிமெண்டுத் தரை இரண்டுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். அவற்றின் அனல் மாலை வரை அடிக்கும்.

வேர்க்கட்டியைச் சோதியுங்கள்

பெரும்பாலான செடிகள் இங்கேதான் சாகின்றன. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நர்சரித் தொட்டியில் இருப்பது தேங்காய் நார்த்தூள் மாதிரி லேசான கலவை. நாம் அதைச் சுற்றிப் போடுவது தோட்டத்துச் செம்மண். நார்க்கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து செம்மண்ணுக்குப் போய்விடும். மேலே தொட்டால் சேறு. உள்ளே வேர்க்கட்டி காய்ந்த ரொட்டித் துண்டுபோல் கிடக்கும். வேர்கள் எல்லாம் அந்தக் கட்டிக்குள்தான் இருக்கின்றன. தண்ணீர் நடுவே செடி தாகத்தில் வாடுவது இப்படித்தான்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். செம்மண் இறுகி, தொட்டியின் ஓட்டை அடைத்து, வேர் ஊறி அழுகிவிடும். அப்போதும் இலை அதே மாதிரிதான் தொங்கும். இலையை மட்டும் பார்த்து இது தாகமா அழுகலா என்று சொல்ல முடியாது.

அதனால் ஒரு சாத்தே குச்சியை (இறைச்சி குத்திச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி) தண்டுக்குப் பக்கத்தில், வேர்க்கட்டிக்குள்ளேயே, விரல் நீளத்துக்குக் குத்தி எடுங்கள். குச்சி காய்ந்து வந்தால் செடியை மண்ணோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் வேர்க்கட்டி மூழ்கும்படி வையுங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். குமிழ் நின்ற பிறகு எடுத்துத் தண்ணீரை நன்றாக வடிய விடுங்கள். குச்சியில் ஈரத்தோடு புளித்த வாடையும் வந்தால் அழுகல். பழுப்பாகி நசுங்கும் வேரை வெட்டிவிடுங்கள். வெள்ளையாக, உறுதியாக இருப்பதைத் தொடாதீர்கள்.

திரும்ப நடும்போது செம்மண்ணை மட்டும் போடாதீர்கள். மண் ஒரு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு, செக்காம் பாக்கார் ஒரு பங்கு. இந்த உமிக்கரியைச் செடிக் கடைகளில் பையாகவே விற்கிறார்கள். 'மலைச்செடிக்கான சிறப்பு மண்' என்று விலை கூட்டி விற்கும் பைகளைவிட இதையே நான் நம்புகிறேன். பழைய தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள்.

பூவை வெட்டுங்கள்

மனசு வராது, தெரியும். அந்தப் பூவுக்காகத்தானே வாங்கினோம்! ஆனால் சேதப்பட்ட வேரால் அகலமான இலைகளுக்கும் பெரிய பூக்கொத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் அனுப்ப முடியாது. கொத்துக்குக் கீழே முதல் நல்ல இலை ஜோடிக்கு மேலாக வெட்டி, பூவைக் குவளையில் வைத்து வீட்டுக்குள் அழகு பாருங்கள். தண்டை அதற்குமேல் குறைக்க வேண்டாம். கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பெரிய உருண்டைப் பூ வகை பழைய தண்டில்தான் மொட்டு வைக்கும். கத்தரியை வெட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், உரம்

காலையில் அடிமண்ணுக்கு ஊற்றுங்கள். வெயிலில் கிடந்த ரப்பர் பைப்பில் முதலில் வருவது வெந்நீர், அதை வெளியே விட்டுவிட்டு ஊற்றுங்கள். மதியம் இலை தொங்கினால் உடனே பைப்பைத் தூக்காதீர்கள். மறுநாள் விடிகாலையில் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் அது வெறும் வெயில் களைப்பு. விடிகாலையிலும் தொங்கினால்தான் குச்சியை எடுக்க வேண்டும்.

புதுத் துளிர் வரும் வரை உரமே கூடாது. செம்பனைக்குப் போடும் உரம் வீட்டில் சாக்கில் இருக்கிறதே என்று ஒரு பிடி போட்டால், அந்த உப்பே மிச்சமிருக்கும் வேரைக் கருக்கிவிடும். மக்காத கோழி எருவும் அப்படித்தான். துளிர் நன்றாக விரிந்த பிறகு, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியைக் கரைத்து ஊற்றலாம்.

பின்னர் சேர்த்தது

படித்தவர்கள் கேட்டதில் மூன்று விஷயம் முக்கியம்.

நீலமாக வாங்கியது ரோஸாக மாறுகிறதாம். புளிப்பு மண்ணில் வேர் அலுமினியத்தை எடுக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்புத் தன்மை கூடினால் ரோஸ் ஆகும். புதுச் சிமெண்டுத் தொட்டியும் உமிக்கரியும் அந்தப் பக்கமே தள்ளும். வெள்ளை ரகம் இப்படி நீலமாக மாறாது. செடி தேறும் வரை நிறத்துக்காக எதையும் கொட்ட வேண்டாம்.

ஒரு தம்பி வீட்டில் ஆடு இலையைக் கடித்துவிட்டதாம். வெட்டிய இலையையும் பூவையும் ஆடு, பூனை, நாய்க்கு எட்டாமல் போடுங்கள். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

மீண்டும் பூக்குமா என்றுதான் அதிகம் பேர் கேட்கிறார்கள். மொட்டு பிடிக்க இந்த வகைக்குச் சில வாரங்களாவது சுமார் 18 பாகைக்குக் கீழான இரவுகள் வேண்டும். நம் பக்கத்தில் விடியற்காலையே 23, 24 இருக்கும். ஆகவே இங்கே பெரும்பாலும் பச்சை இலைச் செடியாகத்தான் வளர்த்தாக வேண்டும். மலை மேல் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ சொந்தக்காரர் இருந்தால், தேறிய செடியை அவர்கள் வீட்டில் விட்டு வையுங்கள். மொட்டு கட்டியதும் போய் எடுத்து வரலாம்.