தலைவர் படத்தோடு வரும் பொன்மொழி: அதன் வேரைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும்) வேலை செய்கிறேன். பள்ளி ஆண்டு மலர், கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரும். ஒரு முறை ஒரு மலரில் கடைசி நேரத்தில் அரைப் பக்கம் காலியாக நின்றது. வாட்ஸ்அப்பில் வந்திருந்த, ஆங்கிலேய அதிகாரி மெக்காலேயின் மேற்கோளை எடுத்துக் கட்டம் போட்டு வைத்துவிட்டேன். ‘இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை’ என்று தொடங்கி, இந்த நாட்டை அடக்க இதன் பழைய கல்வியை மாற்ற வேண்டும் என்று போய், ‘1835 பிப்ரவரி 2, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியது’ என்று முடியுமே, அதுதான்.

மலர் அச்சாகி எல்லார் கைக்கும் போன பிறகு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். அண்ணாச்சி கோபப்படவே இல்லை. “தம்பி, அந்தத் தேதியில மெக்காலே எந்த ஊர்ல இருந்தாருன்னு பாத்தியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கி, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க ஊட்டிக்குப் போய், அப்புறம் கல்கத்தா சேர்ந்தவர். 1838 வரை இந்தியாவில்தான் இருந்தார். 1835 பிப்ரவரி 2 அவருடைய புகழ்பெற்ற கல்விக் குறிப்பின் (இந்தியாவில் ஆங்கிலவழிக் கல்வி வேண்டும் என்று அரசுக்கு எழுதியது) தேதி. அதை அவர் எழுதியது இங்கே. கப்பல் பயணத்துக்கு மாதக்கணக்கில் ஆன அந்தக் காலத்தில், அதே நாளில் லண்டனில் எப்படிப் பேசியிருப்பார்? பிள்ளைகள் படிக்கிற மலரில் பொய்யை அச்சடித்துக் கொடுத்துவிட்டேனே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து எந்தப் பொன்மொழி வந்தாலும் சோதித்துவிட்டுத்தான் பக்கத்தில் ஏற்றுகிறேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ‘இதை யார் சொன்னார்?’ என்று தேடாதீர்கள். அப்படித் தேடினால் அதே பெயரோடு அதே படம் நூறு வரும். ‘இந்த வாக்கியம் முதன்முதலில் எந்த ஆண்டு, எங்கே அச்சானது?’ என்று தேடுங்கள்.

படி 1: படத்தில் உள்ள எழுத்தை வெளியே எடுங்கள்

கூகுள் லென்ஸ் போதும். தமிழை நன்றாகவே படிக்கிறது. எடுத்ததை ஒரு நோட்டில் ஒட்டி, கீழே மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: யார், எப்போது, எங்கே. முக்கால்வாசிப் படங்களில் முதல் வரி மட்டும்தான் இருக்கும். மற்ற இரண்டும் காலியாக இருந்தாலே எச்சரிக்கையாக இருங்கள்.

படி 2: தேதியும் ஊரும் இருந்தால் அதை முதலில் உடைத்துப் பாருங்கள்

மெக்காலே கதையில் நடந்தது இதுதான். அந்த ஆள் அன்று எங்கே இருந்தார், உயிரோடு இருந்தாரா, சிறையில் இருந்தாரா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெக்காலேயின் உண்மையான குறிப்பை எடுத்துப் படியுங்கள். நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு அலமாரி, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் சமம் என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல அதுவே போதும். பொய் மேற்கோளைக் கொண்டு போனால், எதிரில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

படி 3: தேட வேண்டிய சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

நான் மாதக்கணக்கில் தடுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பக் குரூப்பில் பெரியப்பா ஒரு படம் போட்டார். வ.உ.சி. படம், கீழே ‘சொந்த நாட்டில் பிறர்க்கு அடிமை செய்து துஞ்ச மாட்டோம், இனி அஞ்ச மாட்டோம் — கலெக்டர் விஞ்சு துரையிடம் வ.உ.சி. முழங்கியது’. முழு வாக்கியத்தையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். அதே படம்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு புத்தகமும் வரவில்லை. சரி, பொய் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

புத்தகத்தில் இருப்பது இப்படி: ‘சொந்த நாட்டிற் பரர்க்கடிமை செய்தே துஞ்சிடோம் — இனி அஞ்சிடோம்’. ‘நாட்டில்’ அங்கே ‘நாட்டிற்’ ஆகியிருக்கிறது. ‘பரர்க்கு அடிமை’ ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ‘பரர்’ என்பதைப் படம் செய்தவர் ‘பிறர்’ ஆக்கிவிட்டார். கணினிக்கு இவை எல்லாம் வேறு வேறு சொற்கள். சந்தி சேர்ந்த சொல்லைப் பிரித்துத் தேடினாலும், பிரிந்ததைச் சேர்த்துத் தேடினாலும் கிடைக்காது. ‘துஞ்சிடோம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டவுடன் வந்துவிட்டது.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. வாக்கியத்திலேயே அரிதான சொல் எதுவோ அதை மட்டும் எடுங்கள். அது பக்கத்துச் சொல்லோடு ஒட்டாத இடத்தில் இருந்தால் நல்லது. வினையின் முடிவை மாற்றி மாற்றிப் போடுங்கள்: துஞ்சோம், துஞ்சிடோம், துஞ்ச மாட்டோம்.

அடுத்த தடை எழுத்து. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, கணினியையே படிக்கவிட்டு ஏற்றியிருப்பார்கள். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்குக்கும் துதிக்கை போல் வளைந்த கொம்பு உண்டு. ணா, றா, னா மூன்றுக்கும் தனிச் சுழி. ஒகர ஓகார வரிசையையும் சேர்த்து 13 எழுத்து மாறியது. கணினி இவற்றை அடிக்கடி தப்பாகப் படிக்கும். ஆகவே பழைய அச்சில் தேடும்போது இந்த எழுத்துகள் இல்லாத சொல்லாகப் பார்த்து எடுங்கள். ‘விடுதலை’ என்று தேடுவதைவிட ‘அநீதி’ என்று தேடினால் அகப்படும் வாய்ப்பு அதிகம். பெரியாரின் ‘குடி அரசு’ 1935-லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. அதற்குப் பிந்தைய இதழ்களில் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது தடையை என் தொழிலில் இருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். வானவில், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. எதைத் தேடினாலும் ‘இல்லை’ என்றுதான் வரும். அந்த பிடிஎஃப்-ஐ கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தைப் படித்து யூனிகோடாக (எல்லாக் கணினியும் படிக்கிற பொது எழுத்துமுறையாக) கொடுக்கும். சில நேரம் பக்கங்களைப் படமாக்கி ஏற்ற வேண்டியிருக்கும். பிழை இருக்கும், ஆனால் தேடலாம்.

நான்காவது, அந்தக் காலத்துச் சொல். 1920-களில் நம்மவர்கள் வேட்பாளரை ‘அபேட்சகர்’ என்பார்கள். கூட்டத் தலைவர் ‘அக்கிராசனர்’, செயலாளர் ‘காரியதரிசி’, பேச்சு ‘பிரசங்கம்’, அரசு ‘சர்க்கார்’. இவற்றையும் போட்டுத் தேடுங்கள். அந்தக் காலத்துப் பேச்சு என்று சொல்லிக்கொண்டு இன்றைய தனித்தமிழில் வந்தால், யாரோ பின்னால் எழுதியது அல்லது திருத்தியது.

படி 4: யாருடைய வாயில் யாருடைய சொல்?

‘துஞ்சிடோம்’ பாரதியாரின் பாட்டு. விஞ்சு துரை சிதம்பரம் பிள்ளையிடம் சொல்வதாக ஒன்றும், பிள்ளை மறுமொழி சொல்வதாக ஒன்றும் பாடியிருக்கிறார். உணர்ச்சி வ.உ.சி.யுடையது, சொல் பாரதியுடையது. பெரியப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன். “அப்போ ரெண்டு பேரு பேரையும் போடணும்லா?” என்றார். அதுதான் சரி.

நம் பக்கத்துப் பொன்மொழிகளில் இந்த வகை நிறைய. கட்டபொம்மன் 1798-இல் ராமநாதபுரத்தில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தார், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இவை வரலாறு. ‘வானம் பொழிகிறது, பூமி விளைகிறது’ என்பது 1959-இல் வந்த படத்துக்குச் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வசனம். சிவாஜி பேசிக் கேட்டு வளர்ந்த நமக்கு அது கட்டபொம்மன் குரலாகவே மனதில் பதிந்துவிட்டது. மேடையில் பேசுங்கள், தப்பில்லை. பாடநூல் மாதிரி ஒன்றில் அவர் சொன்னதாக அச்சடிக்காதீர்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ‘நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்பது பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் சொன்னதாகச் சுற்றும். எழுதியவர் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால். வால்டேரின் மனப்போக்கைச் சொல்ல வந்து 1906-இல் எழுதிய வாக்கியம். வால்டேர் இறந்தது 1778.

எதிராளி சொன்னதைச் சொந்த வாக்குமூலமாக மாற்றுவது இன்னும் மோசம். ‘கல்வியால் ஆங்கிலேயன், பண்பாட்டால் முஸ்லிம், விபத்தால் இந்து’ என்று நேரு தன்னைப் பற்றிச் சொன்னதாக வரும் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நேருவைக் கடுமையாக எதிர்த்த இந்து மகாசபைத் தலைவர் என். பி. கரே, நேருவைப் பற்றிச் சொன்ன விமர்சனம் அது. 1959-இல் வந்த கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் இருக்கிறது. நேருவைப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம்.

படி 5: முழுத் தொகுப்பைத் திறங்கள்

காந்திக்கு 100 தொகுதி இருக்கிறது, இணையத்தில் இலவசம். அம்பேத்கர் எழுத்தும் பேச்சும் மகாராஷ்டிர அரசு வெளியிட்டது, அதுவும் கிடைக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பேச்சுகளுக்கு ஹன்சார்டு என்ற நடவடிக்கைப் பதிவு. பெரியாருக்குத் தேதி வரிசையில் ‘குடி அரசு’ தொகுப்புகள், அண்ணாவுக்கு ‘திராவிட நாடு’, ‘காஞ்சி’ இதழ்கள். காமராஜர் எழுதியது குறைவு. அவருக்குச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பும் அன்றைய நாளிதழும்தான் கதி.

கிடைத்தவுடன் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். மேலே பத்து வரி, கீழே பத்து வரி படியுங்கள். ‘ஜனநாயகம்தான் மிக மோசமான ஆட்சிமுறை, முயன்று பார்த்த மற்றவை எல்லாவற்றையும் தவிர’ என்று சர்ச்சில் 1947 நவம்பர் 11 அன்று பேசியது உண்மை. ஆனால் ‘இப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது’ என்று சேர்த்துத்தான் சொன்னார். தன் சொந்தச் சரக்கு என்று அவரே சொல்லவில்லை.

‘உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்ற காந்தி வாக்கியத்தைத் தேடியபோதுதான் எனக்கு இந்த வேலையின் மேல் பிடிப்பே வந்தது. அந்த வடிவத்தில் தொகுதிகளில் இல்லை. நெருங்கி வருவது 1913-இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் எழுதியது: நாம் நம்மை மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்குகளும் மாறும் என்கிறார். அது வருவது பாம்புக்கடி பற்றிய உடல்நலக் கட்டுரையில்! அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தால், சுவரொட்டி வாக்கியத்தைவிட எவ்வளவோ ஆழமாக இருக்கிறது.

எந்தக் கருவி?

தமிழுக்கு என் முதல் விருப்பம் விக்கிமூலம் (விக்கிப்பீடியாவோடு சேர்ந்த இலவச நூல் தளம்). நாட்டுடைமை நூல்கள் நிறைய இருக்கின்றன, ஸ்கேன் பக்கமும் எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். அடுத்தது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், அப்புறம் ஆர்க்கைவ் (archive.org) தளம். கூகுளில் ‘டூல்ஸ்’ தட்டிக் காலத்தை 2005-க்கு முன் என்று வைத்துத் தேடுவதும் உதவும். ஆனால் அது காட்டும் தேதியை அப்படியே நம்பாதீர்கள், பக்கத்தைத் திறந்து பாருங்கள். பொன்மொழித் தளங்களைத் திறக்கவே வேண்டாம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

ஏஐ-யிடம் கேட்கலாமா என்றால், பழைய சொல், மாற்று வடிவம் யோசிக்கக் கேளுங்கள். ஆதாரம் கேட்காதீர்கள். இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண் சொல்லும். நான் அந்தப் பக்க எண்ணை நம்பி மாவட்ட மைய நூலகத்தில் ஒரு மதியம் முழுக்கச் செலவழித்திருக்கிறேன்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் ‘பொய்’ என்று எழுதாதீர்கள். ‘இன்னின்ன இடத்தில், இன்னின்ன சொல் போட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். தேடாத இடம் எப்போதும் ஒன்று மிச்சம் இருக்கும்.

பிற்சேர்க்கை 1: ‘ஒன்றே குலம் ஒருவனே தேவன்’ அண்ணா சொன்னதுதானே என்று இருவர் கேட்டிருந்தார்கள். அண்ணா அதை ஊரெல்லாம் கொண்டுபோனார், அது உண்மை. மூலம் திருமூலரின் திருமந்திரம்: ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’. இங்கேயும் இரண்டு ‘உம்’ விடுபட்டதால் படி 3-இல் சொன்ன சிக்கல் வரும்.

பிற்சேர்க்கை 2: டிவி சானல் பெயரில் வரும் நியூஸ் கார்டை எப்படிச் சோதிப்பது என்று கேட்டவருக்கு: கார்டில் உள்ள தேதிக்கு அந்தச் சானலின் சொந்தப் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள். அதே நாள் உண்மையான கார்டோடு எழுத்துருவை ஒப்பிடுங்கள். ஒட்டுவேலை செய்தவர்கள் பெரும்பாலும் எழுத்துருவிலும் வரி இடைவெளியிலும்தான் மாட்டுவார்கள்.

பிற்சேர்க்கை 3: சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு தங்கை, நூலகத்தில் பக்கத்தைக் கண்டுபிடித்துப் படம் எடுத்ததாகவும், குரூப்பில் யாரும் நம்பவில்லை என்றும் எழுதியிருந்தார். மேற்கோள் இருக்கும் பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள், அம்மா. தலைப்புப் பக்கம், பதிப்பு ஆண்டு இருக்கும் பின்பக்கம், மேற்கோள் பக்கம் மூன்றையும் அந்த வரிசையிலேயே எடுத்து ஒன்றாக அனுப்புங்கள். பக்க எண் படத்துக்குள் விழுந்திருக்கிறதா என்று நூலகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.