என்.சி.சி. படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்து, தென்மேற்கு மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வருவார்கள். என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படையின் சேர்க்கைப் படிவம். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. தக்கலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பல வருடம் என்.சி.சி. பொறுப்பு ஆசிரியராக இருந்தவன் நான். வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களையும், பயந்துபோய் வெறும் படிவத்தைத் திருப்பி அனுப்பியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நேரில் வந்து நாலு கேள்வி கேட்டவர்கள்தான் குறைவு.

பயத்தில் இருந்தே தொடங்குகிறேன். "சாரே, இதுல சேத்தா நாளைக்கு சண்டை வந்தா பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவாவளா?" என்று ஒரு அம்மா பள்ளி வாசலில் நின்று கேட்டார். கூட்டிப்போக மாட்டார்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆனால் இதில் சேர்வது அவரவர் விருப்பம். பட்டாளத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் எந்த கேடட்டுக்கும், அதாவது என்.சி.சி. மாணவருக்கும், கிடையாது. பெண்பிள்ளைகளுக்கான பிரிவும் 1949-லேயே வந்துவிட்டது. 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு பரேடு' என்று தடுத்து நிறுத்தியதால் நல்ல வாய்ப்பை இழந்த மாணவிகளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

சைனிக் பள்ளியையும் என்.சி.சி.யையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு குழப்பம். திருப்பூர் மாவட்டம் அமராவதி நகரில் இருக்கும் சைனிக் பள்ளி, பிள்ளைகளைப் படை அதிகாரி வேலைக்குத் தயார் செய்யும், தங்கிப் படிக்கும் பள்ளி. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். என்.சி.சி. அப்படி இல்லை. பிள்ளை படிக்கிற பள்ளியிலேயே நடக்கும். என்.சி.சி.யில் இருந்தால் ஒன்பதில் சைனிக் பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்பி சைனிக் தேர்வைத் தவறவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

அடுத்தது சான்றிதழ். பள்ளியில் இரண்டு வருடம் முடித்தால் 'ஏ', கல்லூரியில் 'பி', மூன்றாம் வருடத்தில் 'சி'. பெயரைப் பதிந்தாலே சான்றிதழ் தந்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வு எழுதவே 75 சதவீத வருகை வேண்டும். குறைந்தது ஒரு வருடாந்திர முகாமையும் முடித்திருக்க வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று ஒரு வீட்டில் பையனை முகாமுக்கு அனுப்பவில்லை. இரண்டு வருடம் மழையில் நனைந்து பரேடு செய்த பையன், அந்தப் பத்து நாளுக்காகத் தேர்வு எழுத முடியாமல் நின்றான். முகாம் தேதி தெரிந்த அன்றே வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சான்றிதழ் கையில் இருந்தால் வேலை உறுதி என்றும் நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பலன் உண்டு. படைக்குச் சிப்பாய்களை எடுக்கும் அக்னிவீர் தேர்வில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிக்கான எஸ்.எஸ்.பி. (படைத் தேர்வு வாரியம்) நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். தேறினால் சென்னை பரங்கிமலையில் பயிற்சி. ஆனால் உடல் தகுதி, நேர்காணல் எல்லாம் பிள்ளையே தாண்ட வேண்டியவை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம்: நோயை மறைக்காதீர்கள். ஒரு முகாமில் மூன்றாம் நாள் காலை ஓட்டத்தில், ஒரு பையன் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டான். உதடு வெளுத்து, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால், ஏத்தங்காய் சிப்ஸ் டப்பாவுக்கு அடியில் துணியில் சுற்றிய இன்ஹேலர். பையன் அதை வெளியே எடுக்கவே வெட்கப்பட்டிருக்கிறான். அவன் அம்மாவுக்கு போன் போட்டேன். "சொன்னா எடுக்க மாட்டாவன்னு நெனச்சேன் சாரே" என்று அழுதார். வீசிங், வலிப்பு, இதயக் கோளாறு, ஒவ்வாமை, தினசரி மாத்திரை என எது இருந்தாலும் டாக்டர் சீட்டோடு பொறுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொன்னால் ஓட்டத்திலிருந்து விலக்கு கிடைக்கும், மருந்தும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

காக்கி உடையைப் பார்த்ததும் நம்பிவிடுவதும் பெரிய தவறு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. பெயரில் போலி முகாம் நடந்ததும், அங்கே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதும் வெளியே வந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. என்.சி.சி. முகாம் என்றால், அந்தப் பகுதிப் பள்ளிகளின் என்.சி.சி.யைக் கவனிக்கும் படைப்பிரிவான பட்டாலியனிலிருந்து உத்தரவு வரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நாகர்கோவிலில் 11-ஆவது தமிழ்நாடு பட்டாலியன் இருக்கிறது. பள்ளிக்கு அனுமதி உண்டா, முகாம் உண்மையா என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முகாம் சாப்பாட்டுச் செலவு அரசினுடையது. ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் உஷாராகுங்கள். மகளை அனுப்பினால், இரவில் கூடவே தங்கும் பெண் அதிகாரி யார், அவர் போன் நம்பர் என்ன என்று கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நேர்மையாக முகாம் நடத்துபவர் அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருப்பார். திரும்பி வந்த பிள்ளை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எதுவும் தவறாகப் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம்.

அப்பா போக முடியாமல் போன பட்டாளத்துக்கு மகனைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. முதல் மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். அதற்கு அப்புறமும் பரேடு நாளில் பிள்ளைக்கு வயிறு வலித்தால், விட்டுவிடலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், பூட்ஸ். புது பூட்ஸை முகாமின் முதல் நாள்தான் போட்டுப் பார்ப்பார்கள். மாலைக்குள் குதிகால் முழுக்கக் கொப்புளம், மறுநாள் நொண்டல். ஒரு வாரம் முன்னாலேயே சாயங்காலம் அரைமணி நேரம் வீட்டு முற்றத்தில் போட்டு நடக்கச் சொல்லுங்கள். குதிகாலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், தடிமனான காட்டன் சாக்ஸ், பெட்டியில் கூட இரண்டு ஜோடி. மழைக்காலத்தில் நனைந்த சாக்ஸ் ஒரே இரவில் காயாது.