பிரிஃபார்மிஸ் வலிக்கு அக்குபஞ்சர்: ஊசிக்கு முன்னும் பின்னும் செய்யக்கூடாதவை

பிட்டத்தின் நடுவில் ஒரு விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடிகிற வலி. உட்கார உட்காரக் கூடும். சில நேரம் தொடையின் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு இறங்கும். முதுகுத்தண்டின் அடியிலிருந்து தொடை எலும்பின் மேல்முனைக்குப் போகும் பிரிஃபார்மிஸ் என்ற தசை இறுகி, அதன் கீழே காலுக்கு இறங்குகிற பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பை அழுத்தினால் இப்படி வலிக்கும். அக்குபஞ்சர் செய்துகொண்ட பலருக்கு வலி குறைகிறது. ஆனால் மருத்துவரிடம் காட்டாமல் நேராக ஊசிக்கே போய்விடுவதுதான் தவறு.

இடுப்பில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கினாலும் இதே மாதிரிதான் கால் இழுக்கும். பிரிஃபார்மிஸ்தான் என்று அடித்துச் சொல்ல ஒரே ஒரு பரிசோதனை கிடையாது. மருத்துவர் காலை மடக்கி, உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்து, டிஸ்க் பிரச்சினை இல்லை என்று ஒதுக்கிய பிறகுதான் இந்த முடிவுக்கு வருவார். பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தானாகக் கசிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உடனே மருத்துவமனைதான்.

சரி, ஊசி போட்டுக்கொள்கிறீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் காலை மடக்கச் சொல்வார்கள். இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் தொடை எலும்பின் மேல்முனைக்கும் முதுகின் அடி எலும்புக்கும் கோடு போட்டால், வெளியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வரும் இடம்தான் இந்த வலிக்கு ஊசி போடும் ஹுவான்தியாவ் என்ற அக்குபஞ்சர் புள்ளி. பிட்டத்தில் சதை அதிகம் என்பதால் இங்கே இரண்டு, மூன்று அங்குல ஊசி தேவைப்படும். கனமான, மந்தமான ஒரு வலி பரவினால் பயப்பட வேண்டாம். ஆனால் ஷாக் அடித்தது போல் கால்வரை சுரீரென்று ஓடினால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது பெரிய தவறு. ஊசி நரம்பைத் தொட்டிருக்கலாம். உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள், ஊசியைப் பின்னுக்கு இழுப்பார்கள். புது உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சம் வேண்டாம்.

வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். "இனி இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டு சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் அந்தப் பர்ஸ். பேன்ட்டின் பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்து அதன் மேலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால், ஊசி தளர்த்திய தசை மறுபடி இறுகிவிடலாம். பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். மல்லாந்து படுத்து, வலிக்கிற காலின் கணுக்காலை மற்ற முழங்கால் மேல் போட்டு, இரண்டையும் சேர்த்து மார்புப் பக்கம் மெல்ல இழுத்து அரை நிமிடம் வைத்திருங்கள். இழுவிசை தெரிந்தால் போதும். வலிக்கும் அளவுக்கு வேண்டாம்.

ஒரே தடவையில் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் குத்திக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஐந்தாறு முறைக்குப் பிறகும் வலியில்லாமல் உட்காரும் நேரம் கொஞ்சமும் கூடவில்லையென்றால், மறுபடி மருத்துவரிடம் போய் இது பிரிஃபார்மிஸ்தானா என்று முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.