அஞ்சு உருட்டில் தாயம் விழுமா? பாரில் பந்தயம் கட்டும் முன் ஒரு சின்னக் கணக்கு

ஏற்காட்டில் ஒரு பார். வெளியே தூறல், பனிமூட்டம், இறங்கலாம் என்றால் 20 கொண்டை ஊசி வளைவும் இருட்டில் கிடக்கிறது. பக்கத்து டேபிள் அண்ணன் துண்டைப் பிரித்து ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வைத்தார். "தம்பி, அஞ்சு தடவை உருட்டு. அதுல ஒருக்கா தாயம் விழுந்தா நூறு ரூவா உனக்கு. விழலைன்னா எனக்கு. அவ்ளோதான்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நாலு ஆட்டத்தில் மூன்று போச்சு, இருநூறு ரூபாய் காலி.

நாலு ஆட்டத்தை வைத்து ஏமாற்று வேலை என்றெல்லாம் சொல்ல முடியாது, அதற்குக் கணக்குதான் பார்க்க வேண்டும். ரூமுக்கு வந்து போர்வைக்குள் உட்கார்ந்து போட்ட கணக்கு இது, நீங்கள் டேபிளிலேயே போடலாம்.

ஒரு கட்டைக்கு நாலு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, அப்புறம் ஒன்றுமில்லாத வெறும் முகம். இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் 4 × 4, அதாவது 16 விதமாக விழலாம். தாயம் என்றால் ஒன்றில் ஒரு புள்ளி, இன்னொன்றில் வெறுமை. இதை ஒரே விதம் என்று எண்ணிவிடுபவர்கள்தான் அதிகம். ஒரு கட்டையின் நுனியில் கொஞ்சம் நெயில் பாலிஷ் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்: பாலிஷ் வைத்தது புள்ளியைக் காட்டி மற்றது வெறுமையாக விழுவது ஒன்று, அதற்கு நேர் எதிராக விழுவது இன்னொன்று. ஆக 16-ல் 2. எட்டில் ஒரு பங்கு.

இதற்குப் பிறகுதான் எல்லோரும் சறுக்குகிறோம், நானும்தான். எட்டில் ஒன்று என்றால் அஞ்சு உருட்டுக்கு எட்டில் ஐந்து, அறுபது சதவீதத்துக்கு மேலேயே வருகிறதே, நமக்குத்தானே லாபம் என்று தோன்றும். அப்படிக் கூட்டுவது சரியென்றால் எட்டு உருட்டில் தாயம் கட்டாயம் விழுந்தாக வேண்டும். பாட்டி வீட்டுத் திண்ணையில் காய் இறக்க முடியாமல் பாதி மத்தியானம் தாயத்துக்குக் காத்துக் கிடந்தவர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

விழுவதை விட்டுவிட்டு விழாமல் போவதைக் கணக்கிட வேண்டும். ஒரு உருட்டில் தாயம் விழாமல் போக எட்டில் ஏழு, அதாவது 0.875. ஐந்து தடவையும் தொடர்ந்து விழாமல் போக, போன் கால்குலேட்டரில் 0.875-ஐ ஐந்து முறை பெருக்குங்கள். 0.513 வரும். நூறு ஆட்டம் ஆடினால் சுமார் 51 அண்ணனுக்கு, 49 நமக்கு. ஆட்டத்துக்கு நூறு ரூபாய் என்றால் சராசரியாக இரண்டரை ரூபாய் நம் பையிலிருந்து போகிறது.

(இது பழைய குழப்பம்தான். பிரான்சில் தெ மெரே என்ற சூதாடிக்கும் இதேபோல விகிதக் கணக்கு இடித்தது. ஒரு பகடையை நாலு முறை போட்டு ஒரு ஆறு விழ 51.8 சதவீதம், இரண்டு பகடையை 24 முறை போட்டு இரட்டை ஆறு விழ 49.1 சதவீதம். இரண்டும் சமம் என்று நினைப்பதுதான் பொறி. 1654-ல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு கணித மேதைகள் சூதாட்டக் கணக்கைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதில் அவர் கேட்ட கேள்விகளுக்கும் பங்குண்டு.)

சரி, இரண்டரை ரூபாய்க்கு ஆடலாமா? ஒரு சாயங்காலம் இருபது ஆட்டம் ஆடினால் சராசரி நஷ்டம் ஐம்பது ரூபாய் சொச்சம், ஏதோ சைடிஷ் வாங்கியதாக நினைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஆனால் அது சராசரி மட்டும்தான். அந்த இருபது ஆட்டத்துக்குள் நானூறு ஐந்நூறு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சாதாரணம். அந்தத் தொகை போனால் வலிக்கும் என்றால் நூறு ரூபாய்க்கு ஆடாதீர்கள், பத்து ரூபாய்க்கு ஆடுங்கள். சட்டத்தைக் கேட்டால் அதுவும் சூதாட்டம்தான், தமிழ்நாட்டின் 1930-ஆம் வருஷச் சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கிறது.

நம்ம ஊர் கோயில் நோம்பிகளில் (திருவிழாக்களில்) கண்ணில் படும் லங்கர் கட்டையை இதோடு வைத்துப் பாருங்கள். கட்டையில் ஆறு படம், நமக்கு வேண்டிய படத்தில் காசு வைக்க வேண்டும். இடத்துக்கு இடம் விதி மாறும். மூன்று கட்டை, நம் படம் ஒன்றில் விழுந்தால் வைத்த அளவு லாபம், இரண்டில் விழுந்தால் இரட்டிப்பு, மூன்றிலும் விழுந்தால் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆறு படத்துக்கு மூன்று கட்டை, பாதிக்குப் பாதி என்றுதான் மனசு சொல்லும். மொத்தம் 216 விதம். அதில் நம் படம் வராதது 5 × 5 × 5, அதாவது 125. ஒன்றில் மட்டும் வருவது 75, இரண்டில் வருவது 15, மூன்றிலும் ஒரே ஒரு விதம். ஒவ்வொரு முறையும் பத்து ரூபாய் வைத்தால் 1250 போகும், லாபமாக 750, 300, 30 என 1080 வரும். 2160 ரூபாயைப் புழங்கவிட்டதில் 170 கட்டைக்காரருக்கு. நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு ரூபாய், தாயத்தைவிட மூன்று மடங்கு. அங்கே உருட்டும் வேகத்தில் பத்து நிமிடத்தில் இருபது ஆட்டம் முடிந்துவிடும். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

இதெல்லாம் கட்டை ஒழுங்காக இருந்தால். தேய்ந்த பித்தளையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்டும் கைப்பழக்கமும் கணக்கைக் கலைக்கும். சந்தேகம் வந்தால் எண்பது முறை உருட்டி எழுதிக்கொள்ளுங்கள். பத்து தாயம் எதிர்பார்க்கலாம். ஏழு வந்தாலும் பதின்மூன்று வந்தாலும் பரவாயில்லை. இரண்டு மூன்றோடு நின்றால் வேறு கட்டை கேளுங்கள்.

மறுநாள் அதே அண்ணனிடம், ஐந்து வேண்டாம், ஆறு உருட்டு கொடுங்கள் என்றேன். ஆறு என்றால் நமக்கு 55 சதவீதம், ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் நம் பக்கம். அவர் கட்டையைத் துண்டில் சுற்றியபடி, "ஆறெல்லாம் கட்டுபடியாவாது தம்பி" என்றார்.